பாசியிலிருந்து டீசல் எடுக்கலாம், கட்டுப்படியாகுமா?

பாலக்காடு, இடுக்கி பக்கம் நிலம் வைத்திருக்கிறீர்களா? ‘பாசி வளர்த்து எண்ணெய் எடுக்கலாம், முதலீடு செய்யுங்க’ என்று யாராவது வந்தால், முதல்ல இதைப் படிச்சிடுங்க.

டீசல் எடுக்க முடியுமா?
முடியும். ஆனால் அமெரிக்க அரசு 1978-ல் தொடங்கிய ஆய்வுத் திட்டம் 1996-ல் மூடப்பட்டது. 2009-ல் 60 கோடி டாலர் வரை செலவழிப்பதாக அறிவித்த எக்ஸான்மொபில் நிறுவனமும் பின்னாளில் கைவிட்டது.

என்ன சிக்கல்?
திறந்த குளத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பெரும்பாலும் ஒரு கிராம் பாசிகூடத் தேறாது. வடிகட்டி, உலர்த்தி, எண்ணெய் எடுக்க ஏகப்பட்ட மின்சாரம் வேணும். கடைசியில் டீசல் விலைக்குத்தான் விற்கணும்.

ஒமேகா-3 மாத்திரை மட்டும் எப்படி?
மீனுக்கே ஒமேகா-3 பாசியிலிருந்துதான் வருது. அந்த எண்ணெய்க்கான சில வகைகளுக்கு வெயிலே தேவையில்லை. மூடிய தொட்டியில் சர்க்கரை கொடுத்து வளர்க்கிறார்கள். விலை அதிகம் என்பதால் செலவு தாங்கும்.

ஸ்பைருலினா?
அதில் பாதிக்கு மேல் புரதம், எண்ணெய் குறைவு. புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பாரி நிறுவனம் வளர்ப்பது உணவுக்காகத்தான், எரிபொருளுக்கு அல்ல.

நம்ம பக்கம்?
இடுக்கி மலைக் குளிரைவிடப் பாலக்காட்டு வெயில் குளத்துப் பாசிக்குத் தோது. ஆனால் அதே வெயிலில் தண்ணீரும் ஆவியாகும். நிலத்தடி நீருக்கான போராட்டத்தால் 2004-ல் கோக் ஆலை நின்றுபோன பிளாச்சிமடை இதே மாவட்டம்தான்.

அதனால் மூன்று கேள்வி கேளுங்க: எந்த வகைப் பாசி? தண்ணீர் எங்கிருந்து? வாங்கப்போவது யார்?