நாய்களின் மூட்டழற்சி: மருந்துவழி வலித்தணிப்பு

மூட்டுக் குருத்தெலும்பு தேய்வதால் நாய்களுக்கு வரும் நாட்பட்ட வலிநோய். முதுமை, உடற்பருமன், இடுப்பு மூட்டுக் குறைபாடு ஆகியவை முதன்மைக் காரணங்கள். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு இனங்களில் மிகுதி. தூங்கி எழும்போது பின்னங்கால் விறைத்து, நாலடி நடந்தபின் இளகுவது தொடக்க அறிகுறி.

மருந்துகள்: ஸ்டீராய்டு அல்லாத அழற்சி நீக்கிகளே முதல் தேர்வு. மெலாக்சிகாம் பொதுவாக முதல் நாள் உடல் எடையில் கிலோவுக்கு 0.2 மி.கி., பிறகு நாள்தோறும் 0.1 மி.கி. என உணவுடன் தரப்படுகிறது. வலி அடங்காவிட்டால் மருத்துவர் காபாபென்டின் சேர்ப்பதுண்டு. நெடுநாள் சிகிச்சையில் சிறுநீரகம், கல்லீரல் நிலையை அறிய இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது.

எச்சரிக்கை: வாந்தி, கருமலம், பசியின்மை தோன்றினால் மருந்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீட்டிலுள்ள இப்யூபுரூஃபன் மாத்திரை நாய்க்கு நஞ்சு.

புதுச்சேரி உழவர்கரையில்: குரும்பாப்பேட்டிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம்.