எந்த ஆற்றுக்கு எந்த 'ஃப்ளை'? பசிக்காத மீனைக் கடிக்க வைக்கும் வித்தை!

ரீல்ஸ் தள்ளிக்கொண்டே போகும்போது, இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டில் கயிற்றைச் சாட்டைபோல் சுழற்றும் அமெரிக்கர்களைப் பார்த்திருப்பீங்க. அவர்களில் பலர் தேடுவது ஸ்டீல்ஹெட் மீனை. ஊட்டி அவலாஞ்சிப் பக்கம் பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்து விட்ட ரெயின்போ ட்ரவுட் இருக்கே, அதே இனம்தான். ஆனால் இது ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மறுபடியும் ஆற்றுக்கே திரும்பும் ரகம்.

சிக்கல் என்னன்னா, திரும்பி வரும் ஸ்டீல்ஹெட் பெரிதாக எதையும் சாப்பிடாது. கொக்கியில் இறகு, முடி, நூல் சுற்றிச் செய்யும் பொய் இரைதான் 'ஃப்ளை'. அது மீனுக்கு எரிச்சலையோ ஆர்வத்தையோ கிளப்பணும். எதை எடுப்பது என்பதை ஆறுதான் முடிவு செய்யும்.

நார்த் அம்ப்குவா, ஓரிகன்

கண்ணாடி மாதிரித் தண்ணீர். சுமார் 50 கி.மீ தூரத்துக்கு ஃப்ளை மீன்பிடிப்புக்கு மட்டுமே அனுமதி. கோடையில் நீர்ப்பரப்பில் கோடு கிழித்துக்கொண்டு ஓடும் 'மட்லர்' வகை ஃப்ளைகளை மீன் மேலே வந்தே துரத்தும். கறுப்பு உடம்பு, பச்சை வால்பகுதி கொண்ட 'கிரீன் பட் ஸ்கங்க்' இங்கே பழைய ஃபேவரைட்.

டெஷூட்ஸ், ஓரிகன்

வறண்ட மலையிடுக்கில் ஓடும் ஆறு. காலையும் மாலையும் நிழல் விழும்போது மிதக்கும் கயிறும், சிறிய கறுப்பு அல்லது ஊதா ஃப்ளையும் போதும். வெயில் ஏறிவிட்டால், நுனி மூழ்கும் கயிற்றுக்கு மாறுங்க.

ஸ்காகிட், வாஷிங்டன்

பனியாறு உருகி வரும் பெரிய, குளிர்ந்த ஆறு. குளிரில் மீன் மந்தமாக அடியில் கிடக்கும். ஃப்ளையைத் தேடி ஓடி வராது. அதனால் நீளமான இறகுகள் தண்ணீரில் அசைந்தாடும் 'இன்ட்ரூடர்' போன்ற பெரிய ஃப்ளையை, கனமான கயிற்றில் ஆழத்துக்கு இறக்குகிறார்கள்.

பெரே மார்க்வெட், மிச்சிகன்

இங்குள்ள மீனுக்குக் கடல் கிடையாது, மிச்சிகன் ஏரிதான். 19-ம் நூற்றாண்டில் மேற்குக் கரையிலிருந்து கொண்டுவந்து விட்டவற்றின் வாரிசுகள். சால்மன் முட்டையிடும் காலத்தில் பின்னாலேயே நின்று, அடித்துவரும் முட்டைகளைத் தின்னும். எனவே முட்டை வடிவ ஃப்ளை, பூச்சிப்புழு போன்ற 'நிம்ஃப்' இரண்டும்தான் கைகொடுக்கும். ஓட்டத்தோடு இயல்பாக மிதந்து போக விடணும்.

சட்டென்று நினைவில் வைக்க...

* கலங்கல் தண்ணீர்: பெரிசு, கறுப்பு அல்லது அடர்நீலம்.
* தெளிந்த தண்ணீர்: சிறுசு, மெல்லிசு.
* குளிர்ந்த நீர்: ஆழமாக, மெதுவாக.
* 10 டிகிரி செல்சியஸுக்கு மேல்: மேற்பரப்பில் முயற்சி செய்யலாம்.
* 20 டிகிரியை நெருங்கினால்: தூண்டிலைச் சுருட்டிவிடுங்க. சூடான நீரில் போராடிய மீன், விட்டாலும் பிழைக்காமல் போகலாம்.

கடைசி விஷயம்தான் முக்கியம். ஸ்காகிட் கலக்கும் பியூஜெட் சவுண்ட் பகுதி ஸ்டீல்ஹெட், 2007 முதல் அமெரிக்கச் சட்டப்படி அச்சுறுத்தலில் உள்ள மீன். 2021-ல் மீன்வரத்து சரிந்து, தண்ணீரும் சூடானதால், நார்த் அம்ப்குவாவில் சில மாதங்கள் மீன்பிடிப்பையே நிறுத்தினார்கள். அதனால் போகும் முன் அந்த ஆற்றின் அன்றைய விதிகளைப் பாருங்கள். முள் இல்லாத ஒற்றைக் கொக்கி போடுங்கள். பிடித்த மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்காமலே விடுவித்துவிடுங்கள். செல்ஃபி இல்லைன்னாலும் பரவாயில்லை, அடுத்த வருஷம் மீன் இருக்கணுமே!