பங்குப் பதிவேடும் தோட்டத்துப் பெரட்டும்

இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்களின் வரலாறு பெரும்பாலும் தேவாலயத்திலிருந்தே தொடங்குகிறது. ஒரு தேவாலயத்தையும் அதனைச் சார்ந்த குடிகளையும் விளைநிலங்களையும் உள்ளடக்கிய பகுதி ‘பங்கு’ எனப்படும். 1538ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சரான தாமஸ் கிராம்வெல், பங்குதோறும் நிகழும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஏட்டிற் பதிந்து வைக்க வேண்டுமென ஆணையிட்டார். அதன் பயனாக, ஏர் பிடித்த எளிய உழவனின் பெயரும் அந்நாட்டில் நானூறு ஆண்டுகள் கடந்து நிற்கிறது. 1601ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஏழைகள் சட்டம், வறியோரைப் பேணும் கடமையையும் பங்கின்மீதே சுமத்தியது. பிறந்த ஊரின் ஏட்டில் பெயர் இருந்தவனுக்கு அவ்வூரின்மீது ஓர் உரிமையும் இருந்தது.

அந்நாட்டவர் மலாயாவில் அமைத்த இரப்பர்த் தோட்டங்களும் பார்வைக்குப் பங்கினைப் போன்றவையே. சாலாக் செலாத்தானைக் கடந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதையின் இருமருங்கிலும், மேற்கே கிள்ளான் வரையிலும், ஒருகாலத்தில் ஈயச் சுரங்கங்களும் பால்மரக் காடுகளுமே விரிந்து கிடந்தன. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஓர் ஆயாக் கொட்டகை, ஒரு சுடுகாடு, ஒரு கள்ளுக்கடை, வரிசை வரிசையாக இலயங்கள். ஆண்டுக்கொரு முறை கரகமும் தீமிதியும் நடைபெறும். 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு விதித்தது. மாட்டுக்கொட்டகையை ஒத்த கட்டடமாயினும், கங்காணியே ஆசிரியராயினும், பள்ளி என்றொன்று இருந்தது.

ஆனால், இவற்றுள் ஒன்றேனும் அம்மக்களுக்குச் சொந்தமன்று. கோயில் நின்ற மண்ணும் கம்பெனியுடையது. பிணம் புதைந்த மண்ணும் கம்பெனியுடையது. இங்கிலாந்திலும் பொதுநிலங்களை வேலியிட்டு வளைத்துக்கொண்டு ஏழை உழவரைத் துரத்திய வரலாறு உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. எனினும் அங்கே தேவாலயமும் கல்லறையும் ஏடும் எஞ்சின. இங்கோ, தோட்டத்திற்கென இருந்த ஏடு பெரட்டுப் புத்தகம் ஒன்றே. விடியுமுன் பெரட்டுக்களத்தில் மக்கள் வரிசையாக நிற்கக் கிராணி பெயர் சொல்லி அழைப்பார். அன்றைய கூலிக்காக எழுதப்பட்ட பெயர் அது. இறந்தவனின் பெயர் மறுநாள் விடுபடும்; அவன் எவ்வூரினன், எக்குடியினன் என்பதற்கு அங்கே இடமில்லை.

அம்மக்கள் தங்களைப் பற்றித் தாங்களே உரைத்த சொல் ஏதேனும் உண்டா எனத் தேடுவோர் 1941ஆம் ஆண்டிற்குச் செல்லுதல் வேண்டும். அவ்வாண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அதனை வழிநடத்தினார். வேலைநிறுத்தக்காரர்கள் முன்வைத்த கோரிக்கைகளை வெறும் கூலிப் பட்டியல் எனக் கருதுவோர் அவற்றைச் சரிவரப் படித்தவராகார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டனர், உண்மைதான். அத்துடன், பிள்ளைகளுக்கு முறையான கல்வி கேட்டனர். பெண்களைச் சீண்டும் இழிசெயலுக்கு முடிவு கேட்டனர். மருத்துவ வசதி கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். உற்றார் உறவினர் தடையின்றித் தோட்டத்திற்குள் வந்துபோக வேண்டுமென்றார்கள். துரையையோ கிராணியையோ எதிரே கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டுமென்றார்கள். ஒரு குடியிருப்பு ஊராக மாற எவையெவை தேவையோ அவையனைத்தும் அப்பட்டியலில் உள்ளன. அதற்குக் கிடைத்த விடை துப்பாக்கி. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவிற்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. படையினர் சுட்டதில் தொழிலாளர் மாண்டனர்.

அவ்வாண்டின் இறுதியிலேயே சப்பானியர் வந்துவிட்டனர். சயாம் மரண இரயில்பாதைக்குத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டு மடிந்தனர். முதல் உலகப் போருக்குப்பின் இங்கிலாந்தின் சிற்றூர்கள்தோறும் நினைவுக்கல் நாட்டி மாண்டவரின் பெயரைப் பொறித்தார்கள். அப்போரிலிருந்து மீண்ட ஆங்கில அதிகாரிகள் சிலாங்கூரில் அமைத்த ஒரு தோட்டத்திற்குப் ‘பிராங் பெசார்’, அதாவது ‘பெரும்போர்’, என்றே பெயர் சூட்டினார்கள். சயாமில் மாண்டவர்க்கோ ஊர்தோறும் கல் இல்லை. முழுமையான பெயர்ப்பட்டியலும் இல்லை.

விடுதலைக்கு முன்னும் பின்னும் வெள்ளையர் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் கூறுபோட்டு விற்றனர். இத்துண்டாடல் தொழிலாளரை வேலையும் வீடும் ஒருசேர இழக்கச் செய்தது. இதற்கு மாற்றாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் செலுத்திய பணத்தில் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் 1961இல் வாங்கப்பெற்றது. கூலிக்கு வந்தவர் நிலத்துக்குடையவரானது அப்போதுதான். அத்திட்டம் காத்த தோட்டங்கள் பல; எனினும் விலைபோனவை அவற்றினும் மிகப் பல.

பின்னர் வந்தது நகரம். சீபீல்டு தோட்டத்தில் 1976 முதல் சுபாங் ஜெயா எழுந்தது. 1978இல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலாமும் தோட்ட நிலத்தில் உருவானதே. ‘பெரும்போர்’ எனப் பெயர் கொண்ட அத்தோட்டமும், அதனையடுத்த செட்ஜிலி, காலவே, மெடிங்லி தோட்டங்களும் 1990களில் புத்ராஜெயாவிற்காக எடுக்கப்பட்டன. குடிகள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டனர். நாட்டின் நிருவாகத் தலைநகர் நிற்கும் மண்ணில் பால் வெட்டியவர்கள், சுவர் வெடித்த அவ்வீடுகளைப் பற்றி ஆண்டுக்கணக்கில் முறையிட நேர்ந்தது.

தோட்டம் அழிந்தும் பெயர் அழியாதிருப்பது பள்ளிகளிலேதான். ஷா ஆலாம் நகரின் நடுவே ‘மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி’ நிற்கிறது. சுற்றிலும் ஒரு பால்மரம் இல்லை. சுபாங் ஜெயாவில் சீபீல்டு என்னும் பெயரைத் தமிழ்ப்பள்ளி தாங்கி நிற்கிறது. 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. மூடப்பட்டவற்றின் ஏடுகள் எங்குச் சென்றன என்பதை எவரும் முறையாகத் தேடியதில்லை என்றே தோன்றுகிறது. கோயில் வரவுசெலவுக் கணக்கையோ பெரட்டுப் புத்தகத்தையோ விட, பள்ளியின் சேர்க்கைப் பதிவேடே கிராம்வெல் ஆணையிட்ட ஏட்டிற்கு நெருங்கிய உறவுடையது. பிள்ளையின் பெயர், தந்தையின் பெயர், பிறந்த நாள், சேர்ந்த நாள், விலகிய நாள் யாவும் அதில் உள. பழைய அலமாரிகளில் கரையான் தொடாது எஞ்சிய ஏடுகளைப் புரட்டுவோர், தந்தையின் தொழில் என்னும் பத்தியில் ‘பால்வெட்டு, பால்வெட்டு’ எனப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருப்பதையும், ஓர் ஆண்டில் அது ‘செம்பனை’ எனவும், பிறிதோர் ஆண்டில் ‘காவலாளி’, ‘லாரி ஓட்டுநர்’ எனவும் மாறுவதையும், அதையடுத்து விலகிய நாட்கள் ஒரே மாதத்தில் வரிசையாக வருவதையும் காணலாம்.