பேத்தி எண்ணுற கணக்கும் பாட்டன் போட்ட கணக்கும்



பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து சாயங்காலம் ஆனா எங்க வீட்டுத் திண்ணையில ஒரே சத்தம்தான். ரெண்டாம் வகுப்பு படிக்கிற பேத்தி புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவிச்சு எண்ணுறா. "நாப்பத்தி மூணுன்னா நாலு குவியல், மூணு கொட்டை தாத்தா" என்று எனக்கே பாடம் எடுக்கிறா. நடுவுல ஒரு பாட்டு, ஒரு கதை. அடி கிடையாது, அழுகை கிடையாது.

போன வாரம் பீரோவைக் குடையும்போது என் பாட்டன் காலத்துப் பத்திரம் ஒண்ணு கையில கிடைச்சது. எழுத்துக் கூட்டிப் படிச்சவ, "காணின்னா எத்தனை தாத்தா?" என்று கேட்டா. அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு.

முதல்ல இப்போ நடக்கிறதைச் சொல்லிடறேன். கொரோனாவால 2020 மார்ச்சில் மூடின பள்ளிகள் சின்னப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தது. எழுத்தே மறந்துபோய் வந்த பிள்ளைகள் ஏராளம். அந்த இடைவெளியை அடைக்க 2022 ஜூனில், நம்ம திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கினாங்க. எட்டு வயசுக்குள்ள எல்லாப் பிள்ளையும் எழுதப் படிக்க, அடிப்படைக் கணக்குப் போடத் தெரிஞ்சிருக்கணும் என்பதுதான் நோக்கம். ஒரே வகுப்புல இருந்தாலும் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிச்சுச் சொல்லிக் கொடுக்கிறாங்க.

இது புதுசு என்று நினைக்கிறோம். ஆனா நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் வயசைப் பார்த்து வகுப்புப் பிரிக்கலை. யாருக்கு எது வந்ததோ அதுக்கு அடுத்த பாடம். கொஞ்சம் தேறின பையன் சட்டாம்பிள்ளை. அவன் சின்னவங்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். மணல்ல விரலால எழுதிப் பழகி, அப்புறம் ஓலைக்குப் போவாங்க. 1789-ல் எழும்பூர் அனாதை இல்லப் பள்ளியை நடத்த வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கத்துப் பிள்ளைகள் மணல்ல எழுதுறதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அப்படியே செஞ்சார். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லித்தர்ற முறையையும் நடத்திக் காட்டி, 1797-ல் லண்டனில் புத்தகமாப் போட்டார். இங்கிலாந்தில் அதுக்குப் பேரே 'மெட்ராஸ் முறை'.

அந்தத் திண்ணையில படிச்ச கணக்கு எண்சுவடி. முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. காணி 80-ல் ஒண்ணு, மா 20-ல் ஒண்ணு. மாவும் காணியும் சேர்ந்தா மாகாணி, அதாவது பதினாறுல ஒண்ணு. பின்னக் கூட்டல் அந்தப் பேருக்குள்ளேயே இருக்கு பாருங்க! நெல் அளக்க ஒரு வாய்ப்பாடு, நிலம் அளக்கக் குழிமாத்து. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். களத்துமேட்டுல அப்பன் அளக்கிறதைத்தான் பிள்ளை திண்ணையில ஒப்பிச்சான்.

அதுக்காக அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். பிரம்படி, கயிறு கட்டித் தொங்கவிடுற கோதண்டம் எல்லாம் அங்கேதான் நடந்தது. கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் எடுக்கச் சொன்ன கணக்குப்படி, சென்னை மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண் பிள்ளைகள் நூத்துக்கு மூணு பேர்கூட இல்லை. சேரிப் பிள்ளைகளுக்குத் திண்ணை ஏற வழியே கிடையாது. என் பேத்தி அந்தக் காலத்துல பிறந்திருந்தா காணியை என்கிட்ட கேட்டிருக்கவே மாட்டா. அவளுக்கு எழுத்தே தெரிஞ்சிருக்காது.

1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தது. பதினாறு அணா போச்சு, மாகாணிக்கு வேலை இல்லாமப் போச்சு. அடுத்து கிலோவும் லிட்டரும் வந்து படியையும் மரக்காலையும் பரண்ல ஏத்திடுச்சு. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஏரித் தண்ணி பாய்ஞ்ச நம்ம சுற்றுவட்டாரத்துல கம்பெனியும் மனையும் முளைச்சுது. ஆனா பழைய கணக்கு முழுசாச் சாகலை. எங்க செங்கல்பட்டுச் சீமைக் காணி என்பது நூறு குழி. குழி என்பது 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. ஆக ஒரு காணி 57,600 சதுர அடி. அதை 24-ஆல வகுத்துப் பாருங்க: 2,400. இன்னைக்கு மண்ணூர்பேட்டை புரோக்கர் வாய்க்கு வாய் சொல்ற 'ஒரு கிரவுண்டு' அதுதான்! பயிர் வைக்க அளந்த கணக்கு, விற்கிறதுக்கு மட்டும் மிஞ்சி நிக்குது.

பாடப்புத்தகத்துல இதெல்லாம் இல்லையே என்று வாத்தியார்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. அவங்க எல்லாப் பிள்ளைக்கும் எண்ணும் எழுத்தும் வரணும் என்று பாடுபடுறாங்க. ஊர்க் கணக்கைச் சொல்லித்தர வேண்டியது வீட்டுப் பெரியவங்க வேலை. நாமதான் சொல்லலை.

ஞாயித்துக்கிழமை பரண்ல இருந்த படியை இறக்கிக் கழுவி, பேத்தி கையில கொடுத்தேன். நெல்லை எட்டுத் தரம் அளந்து கூடையில கொட்டி, "ஒரு மரக்கால் தாத்தா!" என்று கத்தினா. அப்புறம் வாசல்ல 24 அடிக்கு ஒரு குழி கோடு போடலாம் என்று கயிறு எடுத்தோம். பதினாறு அடியிலேயே பக்கத்து வீட்டுச் சுவர் வந்துடுச்சு.

மீதி எட்டு அடியைக் கழிச்சுச் சொன்னது அவதான்.