வேட்டியா, பேன்ட்டா? அலட்டாமல் அழகாக உடுத்துவது எப்படி? - முழு விளக்கம்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் ஒரு முகூர்த்த நாள் காலையில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். காஞ்சிபுரம் பஸ்ஸுக்கும் செங்கல்பட்டு பஸ்ஸுக்கும் காத்திருக்கும் ஆண்களில், பளபளக்கும் சட்டை போட்டவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். ஆனால் கண் போய் நிற்பது வேறு ஒருவரிடம். சலவை செய்த வெள்ளை வேட்டி, அளவான அரைக்கை சட்டை, தோளில் மடித்துப் போட்ட துண்டு. அவ்வளவுதான். "ஆளு பாந்தமா இருக்காருல்ல?" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார்.

அந்தப் பாந்தம் எங்கிருந்து வருகிறது? விலையிலிருந்தா, துணியிலிருந்தா, கட்டும் விதத்திலிருந்தா? ஆண்களின் எளிய உடையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கே பார்க்கலாம்.

துணியில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஒருவரை வாசலிலேயே நிறுத்தவோ, உள்ளே நாற்காலி போட்டு உட்கார வைக்கவோ உடை காரணமாகிறது.

2014 ஜூலையில், சென்னை சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. அப்போது சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த டி.அரிபரந்தாமன் வேட்டி கட்டிக்கொண்டு போனார். கிளப் விதியில் வேட்டிக்கு இடமில்லை என்று சொல்லி அவரை உள்ளே விடவில்லை. இது பெரிய சர்ச்சையானது. அடுத்த மாதமே சட்டப்பேரவையில் சட்டம் நிறைவேறியது. வேட்டி உள்ளிட்ட இந்தியப் பாரம்பரிய உடையில் வருபவரைக் கிளப்புகளோ பிற பொது இடங்களோ தடுக்கக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், உரிமமும் ரத்தாகலாம்.

2019-ல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உடை விதியிலும், ஆண்கள் சட்டையோடு பேன்ட் அல்லது வேட்டி அணியலாம் என்று இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில், அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த மாமல்லபுரத்தில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கை வரவேற்றபோது பிரதமர் மோடி வேட்டி, வெள்ளைச் சட்டை, துண்டு என்றுதான் வந்தார்.

எளிமை எல்லோருக்கும் ஒன்றா?

இல்லை. இதைச் சொல்லாமல் எளிமையைப் பற்றிப் பேச முடியாது.

1921 செப்டம்பர் 22-ம் தேதி மதுரையில், மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தி, மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். அது அவராக எடுத்த முடிவு. ஆனால் 1930-ல் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிட மக்கள் மீது ஆதிக்க சாதியினர் விதித்த தடைகளைப் பாருங்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது, இடுப்புக்கு மேலே உடுத்தக் கூடாது, சட்டையோ பனியனோ போடக் கூடாது. அங்கே குறைந்த துணி என்பது அடக்குமுறை. அம்பேத்கர் கோட்டும் சூட்டுமாகவே நின்றதன் பொருளும் இந்தப் பின்னணியில்தான் புரியும்.

அதனால் கிராமத்தில் ஒரு பெரியவர் வேட்டியை நன்றாக வெளுத்து, கணுக்கால் வரை இறக்கிக் கட்டி, துண்டைத் தோளில் போட்டு நடந்தால், அதை வெறும் ஃபேஷனாகப் பார்க்க முடியாது. அதற்குப் பின்னால் ஒரு தலைமுறையின் போராட்டம் இருக்கலாம். இன்றைக்கு எளிமையாக உடுத்துவது நாமே தேர்ந்தெடுப்பதாக இருக்க வேண்டும்.

சரி, எந்த வேட்டி வாங்குவது?

முதலில் அளவு. நான்கு முழ வேட்டி ஒரு சுற்று. வீட்டுக்கும் வயலுக்கும் வசதி. எட்டு முழ வேட்டி இரட்டை. மடித்துக் கட்டுவதால் உள்ளே எதுவும் தெரியாது, நிற்கும்போது விறைப்பாக விழும். கல்யாணம், கோயில், அலுவலகம் என்றால் எட்டு முழம்தான் நல்லது.

அடுத்து நூல் நம்பர். கடையில் 40, 60, 80, 100 என்று சொல்வார்கள். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை கிடைக்கின்றன என்பதே அந்த எண். நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசு. 40-ம் நம்பர் தினசரி உழைக்கும். 80, 100 மென்மையாகவும் காற்றோட்டமாகவும் இருக்கும், ஆனால் முரட்டுத்தனமாக அடித்துத் துவைக்க முடியாது.

வேட்டி கட்டிப் பழக்கம் இல்லாத இளைஞர்களுக்கு 'ஒட்டிக்கோ கட்டிக்கோ' என்று சொல்லும் வெல்க்ரோ வேட்டி இருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "அவுந்துடுமோ" என்ற பயத்தோடு இடுப்பைப் பிடித்தபடி நடப்பதைவிட இது மேல்.

கரை என்ன சொல்லும்?

நம்ம ஊரில் வேட்டியின் கரை பேசும். கருப்பு சிவப்பு, கருப்பு வெள்ளை சிவப்பு என்று கரை இருந்தால் எந்தக் கட்சி என்று தெருமுனையிலேயே தெரிந்துவிடும். 'கரை வேட்டி' என்றாலே கட்சிக்காரர் என்று அர்த்தமாகிவிட்டது. கட்சி அடையாளம் வேண்டாம் என்றால் விரற்கடை அகலமுள்ள மெல்லிய ஜரிகைக் கரை, அல்லது பச்சை, மெரூன், நீலத்தில் ஒற்றைக் கோடு போதும். அகலமான ஜரிகை மாப்பிள்ளைக்கு அழகு. விருந்துக்கு வந்தவர் மாப்பிள்ளையோடு போட்டி போட வேண்டாமே.

பட்டு வேட்டி வாங்கும்போது ஏமாறாமல் இருக்க

காஞ்சிபுரம் பட்டுச் சேலைக்கும், சேலம் வெண்பட்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. பட்டு என்று சொல்லி பாலியஸ்டர் கலந்ததை விற்கும் கடைகளும் உண்டு.

• தூய பட்டுக்கு 'சில்க் மார்க்', கைத்தறிக்கு 'ஹேண்ட்லூம் மார்க்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

• ஓரத்தில் பிரியும் ஒரு நூலைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிக் கொளுத்துங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகி, கட்டியான மணியாக நிற்கும்.

• பில்லில் 'தூய பட்டு' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னதற்குப் பின்னால் சாட்சி கிடையாது.

சட்டையில் எதைப் பார்க்க வேண்டும்?

விலையைவிட அளவு முக்கியம். விலை உயர்ந்த சட்டையும் அளவு சரியில்லை என்றால் அண்ணனுடையதை இரவல் வாங்கியது போலத் தெரியும்.

• தோள் தையல், தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். கை மீது வழிந்தால் பெரிய சைஸ்.

• காலர் பட்டனைப் போட்டால் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

• அரைக்கை, புஜத்தின் நடுப்பகுதியைத் தாண்டி முட்டிக்குச் சற்று மேலே முடியலாம். முட்டியை மூடக் கூடாது.

• வெளியே விட்டுப் போடும் சட்டை, பேன்ட் ஜிப்பின் பாதி அளவுக்கு இறங்கினால் போதும். அதற்கும் கீழே போனால் உயரம் குறைவாகத் தெரியும்.

ரெடிமேட் சட்டை சரியாக உட்காரவில்லை என்றால் தூக்கிப் போட வேண்டாம். ஊர் டெய்லரிடம் கொடுத்துப் பக்கத் தையலைப் பிடித்து, நீளத்தைக் குறைத்து வாங்கினால் அதே சட்டை வேறு மாதிரி ஆகிவிடும்.

இந்த வெயிலுக்கு எந்தத் துணி?

மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும் பகுதி இது. பருத்தி வியர்வையை உறிஞ்சும். லினன் சீக்கிரம் காயும், ஆனால் கசங்கும். அந்தக் கசங்கல் லினனின் இயல்பு, அதைக் குறையாக நினைக்க வேண்டாம். பாலியஸ்டர் கசங்காது, ஆனால் வியர்வை உடம்போடு ஒட்டும். பஸ்ஸிலும் பைக்கிலும் நாள் முழுக்க அலைபவர்களுக்குப் பருத்தி அதிகமாகக் கலந்த துணி நடுவழி.

நிறத்துக்கு வெள்ளை, சந்தனம், இளநீலம், சாம்பல் போதும். இவற்றில் எதை எதோடு போட்டாலும் ஒத்துப்போகும். ஒரு கருநீல பேன்ட்டும் ஒரு சாம்பல் பேன்ட்டும் இருந்தால், நான்கு சட்டையை வைத்தே எட்டு விதமாக உடுத்தலாம்.

வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளை பனியன் பளிச்சென்று தெரியும். தோல் நிறத்துக்கு நெருக்கமான பனியன் அவ்வளவாகத் தெரியாது. மெல்லிய ஒற்றை வேட்டிக்குள் பட்டை போட்ட டவுசரும் அப்படித்தான், ஊருக்கே தெரியும்.

வெளுப்பும் கஞ்சியும்

வெள்ளை உடையின் பாதி அழகு துவைப்பதில் இருக்கிறது.

1. வியர்வை பட்ட சட்டையை அன்றைக்கே நனையுங்கள். காலர் அழுக்கு காய்ந்துவிட்டால் பிறகு போகாது.

2. நீலத்தைத் தண்ணீரில் முழுதாகக் கரைத்த பிறகே துணியை முக்குங்கள். நீல நிறம் துணியின் மஞ்சளை மறைப்பதால்தான் வெள்ளை பளிச்சிடுகிறது. கரையாத நீலம் திட்டுத்திட்டாக நிற்கும்.

3. வடித்த கஞ்சியை வடிகட்டி, தண்ணீர் சேர்த்துப் போடுங்கள். கெட்டியாகப் போட்டால் வேட்டி அட்டை மாதிரி நிற்கும்.

4. லேசாக ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் மடிப்பு நன்றாக விழும்.

5. பட்டுக்குக் கஞ்சி வேண்டாம். பருத்தித் துணியில் சுற்றி வைத்து, அவ்வப்போது மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடத்திலேயே இழை விடும்.

கட்டுவதில் இருக்கும் மரியாதை

வயல் வேலையிலும் பைக் ஓட்டும்போதும் வேட்டியை மடித்துக் கட்டுவது இயல்பு. ஆனால் பெரியவர் எதிரே வந்தால் மடித்ததை இறக்கிவிடுவது நம்ம பக்கம் சொல்லிக் கொடுக்காமலே வரும் பழக்கம். துக்க வீட்டுக்குப் போகும்போது ஜரிகைக் கரையைத் தவிர்ப்பதும் அப்படித்தான். இடம் தெரிந்து உடுத்துவதற்குக் காசு செலவில்லை.

செருப்பையும் மறக்க வேண்டாம். வேட்டிக்குத் தோல் செருப்பு போதும். ஷூவும் சாக்ஸும் வேட்டியோடு சேராது. பேன்ட் என்றால் பெல்ட்டும் செருப்பும் ஒரே நிறத்தில் இருந்தால் பார்க்க ஒழுங்காக இருக்கும்.

கடைசியாக, வாங்கும் முன் ஒரு கேள்வி

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கடைக்குப் போகும்போது இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: "இதை நான் எத்தனை தடவை போடுவேன்?" ஒரு கல்யாணத்துக்கு மட்டும் போட்டு பீரோவில் தூங்கப் போகிற சட்டைக்குப் பதில், அதே காசில் ஒரு கைத்தறி வேட்டியும் ஒரு பருத்திச் சட்டையும் வாங்கலாம். கைத்தறிக்காக ஒதுக்கப்பட்ட ரகங்களைக் காக்க 1985-லேயே மத்திய அரசு சட்டம் கொண்டு வந்தது, அந்தப் பட்டியலில் வேட்டியும் இருக்கிறது. நீங்கள் வாங்கும் ஒரு கைத்தறி வேட்டி, எங்கோ ஒரு தறிக்காரர் வீட்டுக்குக் கூலியாகப் போய்ச் சேரும். உங்களுக்கும் அது பல வருஷம் உழைக்கும்.