இணைப்பு அறுவது எதனால்?

ஓரிடத்தில் அமர்ந்துகொண்டு வேறோரிடத்திலுள்ள கணிப்பொறியை இயக்கும் முறை இன்று அலுவலகங்களில் சர்வ சாதாரணமாகிவிட்டது. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர்களுள் பலர் இம்முறையைப் புதிதாகக் கற்றனர். வேலையின் நடுவே திரை அசைவற்று நின்று, இணைப்பு அறுந்து போகும் தொல்லையையும் கூடவே கண்டனர். "லைன் சரியில்லை" என்று சொல்லிவிடுவது எல்லோர்க்கும் எளிது. ஆனால், இத்துறையின் வரலாற்றை நோக்குமிடத்து, லைன் நன்றாயிருந்தும் இணைப்பு அறுந்த நிகழ்ச்சிகள் தொடக்கத்திலிருந்தே உண்டு என்பது விளங்கும்.

இன்றைய இணையத்துக்கு முன்னோடி அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் என்னும் வலையமைப்பு. 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் இரவு 10.30 மணி அளவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில், பேராசிரியர் லியோனார்ட் கிளைன்ராக்கின் ஆய்வுக்கூடத்தில் சார்லி கிளைன் என்ற மாணவர் விசைப்பலகையின் முன் அமர்ந்தார். ஏறத்தாழ 350 மைலுக்கு அப்பால், மென்லோ பார்க்கிலிருந்த ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தின் கணிப்பொறிக்குள் நுழைவதே அவர் நோக்கம். அங்கே பில் டுவால் என்பவர் காத்திருந்தார். இருவர் காதிலும் தொலைபேசி இருந்தது. 'லாகின்' என்ற கட்டளையை எழுத்தெழுத்தாக அனுப்ப வேண்டும். எல் என்ற எழுத்து வந்துவிட்டதாகத் தொலைபேசியில் மறுமொழி வந்தது. ஓ என்ற எழுத்தும் வந்து சேர்ந்தது. மூன்றாவதாக ஜி என்ற எழுத்தை அனுப்பியதும் மென்லோ பார்க் கணிப்பொறி நின்றுவிட்டது.

காரணம் என்ன? கம்பி அறுபடவில்லை. இரு கணிப்பொறிகளுக்கும் நடுவே செய்தியைக் கொண்டுசெல்ல நிறுவப்பட்டிருந்த கருவிகளும் பழுதாகவில்லை. மென்லோ பார்க் கணிப்பொறிக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. முதல் மூன்று எழுத்துகளைக் கண்டதுமே, வருவது இன்ன கட்டளை என்று தெரிந்துகொண்டு, எஞ்சிய எழுத்துகளையும் தானே நிரப்பித் திருப்பி அனுப்பிவிடும். அந்த மறுமொழியை வாங்கி அனுப்ப வேண்டிய நிரலோ, ஒரு நேரத்தில் ஓர் எழுத்தே வரும் என்று எண்ணி எழுதப்பட்டது. அதிலிருந்த தற்காலிகச் சேமிப்பிடம் பல எழுத்துகளைத் தாங்கவில்லை. அந்த இடத்தைப் பெரிதாக்கிய பிறகு, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முயற்சி முழு வெற்றி பெற்றது. தனியாக ஒரு தொலைபேசி இல்லாதிருந்தால், எந்த எழுத்தோடு நின்றது என்பதை லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து அறிவது எங்ஙனம்? பழுதான பாதையின் வழியாகவே பழுதைத் தேடுவது குருடனைப் பார்த்து வழி கேட்பது போலத்தான்.

அடுத்து வந்த பத்தாண்டுகளில் நிகழ்ந்த ஒரு முடிவே இன்றைய தொல்லைக்கு வித்து. 1974-இல் விண்டன் செர்ப், ராபர்ட் கான் என்னும் இரு விஞ்ஞானிகள் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த டி.சி.பி. என்னும் முறை, 1981 செப்டம்பரில் விதியாக எழுதப்பட்டது. 1983 ஜனவரி முதல் நாள் ஆர்ப்பாநெட் முழுவதும் அதற்கு மாறிற்று. உரையாடலைப் பற்றிய நினைவு இரு முனைகளிலும் மட்டுமே இருக்க வேண்டும். நடுவிலுள்ள கருவிகள் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை என்பது அதன் அடிப்படை. நடுவே ஒரு கருவி செயலிழந்தால், செய்தி வேறு வழியாகப் போகலாம், உரையாடல் தொடரும். இரு முனைகளும் பேசாமல் மணிக்கணக்காக இருந்தாலும் இணைப்பு இணைப்பேதான். "இருக்கிறாயா?" என்று மறுமுனையைக் கேட்கும் சிறு செய்தியைக்கூட, இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியை இயல்பான அளவாக வைத்து அனுப்பலாகாது என்று 1989-ஆம் ஆண்டு விதி கூறிற்று.

இந்த ஏற்பாடு நெடுநாள் நிற்கவில்லை. அப்போதைய முறையில் இணைய முகவரிகள் மொத்தம் சுமார் 429 கோடி. அவை போதா என்பது தெரிந்துவிட்டது. ஒரு வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள பல கணிப்பொறிகள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் வழி 1994-இல் விளக்கப்பட்டுப் பின் எங்கும் பரவிற்று. நம் வீட்டு ரவுட்டர் செய்வது அதைத்தான். எந்தச் செய்தி எந்தக் கணிப்பொறிக்கு உரியது என்று அது ஒரு குறிப்பேடு வைத்திருக்க வேண்டும். ஆக, முனைகளில் மட்டுமே இருக்க வேண்டிய நினைவு நடுவிலும் வந்து குடியேறிற்று! குறிப்பேட்டில் இடம் குறைவாகையால், சிறிது நேரம் அசைவற்றிருக்கும் இணைப்பின் பதிவை ரவுட்டர் அழித்துவிடுகிறது. அழித்ததைப் பெரும்பாலும் எவர்க்கும் அறிவிப்பதில்லை.

ஊழியர் ஒருவர் தேநீர் அருந்திவிட்டுத் திரும்பி விசையைத் தட்டுகிறார். செய்தி ரவுட்டரோடு நின்றுவிடுகிறது. அலுவலகக் கணிப்பொறியோ அவர் இன்னும் எதிரே இருப்பதாகவே எண்ணியிருக்கிறது. ஒரு முனையில் உயிரோடும் மறுமுனையில் இறந்தும் கிடக்கும் இந்நிலையை 1981-ஆம் ஆண்டு விதியே 'பாதி திறந்த இணைப்பு' என்று குறிப்பிடுகிறது. இத்தகைய நடுக்கருவிகள் 2 மணி 4 நிமிடத்துக்கு முன் மறக்கலாகாது என்று 2008-இல் விதி செய்தார்கள். முனைகள் இரண்டு மணிக்கு ஒருமுறை நலம் விசாரிக்கும் பழைய கணக்கைத் தழுவியே இந்த விசித்திரமான எண் அமைந்தது. விதியைப் பாராமல் மிக முன்னதாகவே மறந்துவிடும் கருவிகளும் பலவுண்டு. என் கருத்தில், இதற்காக எந்த ஒரு கருவியையும் தனியே குற்றவாளியாக்குவது முறையன்று. முகவரிப் பஞ்சத்துக்கு உலகம் கொடுத்த விலை இது.

அறுந்தாலும் வேலை அழியாமலிருக்க வழி செய்தது வேறொரு முயற்சி. 1984-இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய எக்ஸ் என்னும் திரை முறையில், இணைப்புப் போனால் நிரலும் பெரும்பாலும் உடன்போய்விடும். 1998-இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பில், திரையும் திறந்த கோப்புகளும் தொலைவிலுள்ள கணிப்பொறியிலேயே தங்கின; மீண்டும் நுழைபவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நிர்வாகி குறித்த கால வரம்பு கடந்துவிட்டால் மட்டும் அதுவும் முடிந்துவிடும்.

ஆதலால், பழுது தேடுவோர் கம்பியைத் தொடுமுன் கடிகாரத்தைப் பார்ப்பது நலம். சும்மா இருக்கும்போது, ஒவ்வொரு முறையும் அதே அளவு நிமிடங்கள் கழிந்தே அறுகிறதா? நடுக்கருவியின் மறதியையோ நிர்வாகியின் கால வரம்பையோ ஐயுறலாம்; மறதியாயின், நலம் விசாரிக்கும் செய்தியை அந்த அளவுக்கும் குறைந்த இடைவெளியில் அனுப்பச் செய்தால் தொல்லை தீரும். வேலை மும்முரமாக நடக்கையில், கணக்கின்றி அறுகிறதா? அப்போதுதான் வைஃபையும் லைனும் சந்தேகத்துக்கு உரியவை. அதே பெயரில் வேறொருவர் நுழையும்போதெல்லாம் அறுந்தால், அது பழுதே அன்று. ஒரு பெயருக்கு ஓர் இருக்கை என்பது அந்தக் கணிப்பொறியின் சட்டமாக இருக்கும். இரு முனைகளிலும் உள்ள நிகழ்ச்சிப் பதிவேடுகளை அருகருகே வைத்து, அறுந்த நேரத்தை ஒப்பிட்டால் பாதி விடை கிடைத்துவிடும். ஒப்பிடுமுன் இரு கணிப்பொறிகளின் கடிகாரங்களும் ஒன்றுபோல் ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிட வேறுபாடு இருந்தாலும் முதலில் மறந்தது எந்த முனை என்பது தலைகீழாகத் தெரியும்.