இடுப்பை இறுக்க வந்த நூல்

லெக்கிங்ஸ் லேபிளில் ‘95% காட்டன், 5% எலாஸ்டேன்’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எலாஸ்டேன், ஸ்பாண்டெக்ஸ், லைக்ரா எல்லாம் ஒரே நூல்தான். லைக்ரா என்பது டூபாண்ட் கம்பெனி வைத்த பிராண்ட் பெயர். ஸ்பாண்டெக்ஸ், ‘எக்ஸ்பாண்ட்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டுச் செய்தது. இந்த 5 சதவீதத்தின் கதையைத் தேடிப் படித்தபோது என்னை ஆச்சரியப்படுத்தியது அது தொடங்கிய இடம். சௌகரியத்துக்காகவோ விளையாட்டுக்காகவோ பிறந்த நூல் இல்லை இது.

1950களின் அமெரிக்காவில் பெண்கள் வெளியே கிளம்பினால் கர்டில் போட்டாக வேண்டும். வயிற்றையும் இடுப்பையும் இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடை அது. ஒல்லியான பெண்களும்கூடப் போட்டார்கள். அதில் இருந்தது ரப்பர் நூல். கனம், புழுக்கம். வியர்வையும் எண்ணெய்ப் பசையும் பட்டுப் பட்டு ரப்பர் சீக்கிரம் இற்றுப்போகும். அதற்கு மாற்றுத் தேடி, வர்ஜீனியாவின் வேய்ன்ஸ்பரோவில் டூபாண்ட் ஆய்வகத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் பல வருடங்கள் மல்லுக்கட்டினார். 1958இல் நூல் கைகூடியது. 1962இல் பெரிய அளவில் உற்பத்தி ஆரம்பித்தது.

ஆனால் அதற்குள் காலம் திரும்பிவிட்டது. 1968இல் அட்லாண்டிக் சிட்டியில் மிஸ் அமெரிக்கா போட்டியை எதிர்த்துப் போராடிய பெண்கள், குப்பைத் தொட்டியில் தூக்கிப் போட்ட சாமான்களில் கர்டிலும் உண்டு. கர்டில் போனது, நூல் பிழைத்தது. நீச்சலுடைக்குப் போய், 80களில் ஏரோபிக்ஸ் லெக்கிங்ஸுக்கு வந்தது. உடம்பை அடக்கி வைக்கச் செய்த நூலைப் பெண்கள் ஓடவும் குதிக்கவும் எடுத்துக்கொண்டார்கள். டூபாண்ட் போட்ட கணக்கில் இது இருந்திருக்காது.

இந்த நூலின் மூலக்கூறுச் சங்கிலியில் சுருண்டு கிடக்கும் மென்மையான பகுதிகளும், அவற்றை முடிச்சுப் போல் பிடித்துக்கொள்ளும் கெட்டியான பகுதிகளும் மாறி மாறி வரும். இழுத்தால் சுருள் நிமிரும், விட்டால் மறுபடி சுருண்டு பழைய இடத்துக்கே வரும்; அதுவரை சங்கிலி நழுவாமல் முடிச்சு பிடித்துக்கொள்ளும். தன் நீளத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் நீண்டும் திரும்பும். நம்மூரில் ‘லாஸ்டிக் போயிருச்சு’ என்கிறோமே, அதில் இந்த முடிச்சுகள் நழுவிய கதையும் உண்டு.

நழுவ வைப்பது முக்கியமாகச் சூடு. திருப்பூரில் பின்னலாடைத் துணியை இழுத்துப் பிடித்து, பெரிய மிஷினில் சூடேற்றித்தான் அகலத்தை நிலைநிறுத்துகிறார்கள். அதே வேலையை வீட்டு அயர்ன்பாக்ஸ் வேண்டாத நேரத்தில் செய்துவிடுகிறது. குளோரின் இன்னும் மோசம், சங்கிலியையே அறுத்துவிடும். ஆகவே ப்ளீச் கூடாது. குளத்தில் குளித்துவிட்டு வந்தால் நீச்சலுடையை உடனே நல்ல தண்ணீரில் அலசணும். பச்சைத் தண்ணீரில் துவைத்து, முறுக்காமல் பிழிந்து, நிழலில் காயப்போட்டால் போதும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றலாம். பருத்தியோடு பின்னிய அந்த 5 சதவீதத்தைப் பிரித்தெடுப்பது கடினம். மறுசுழற்சிக்குப் போகும் துணியில் அதுவே பெரிய தலைவலி. தொளதொளத்துப் போன லெக்கிங்ஸைக் கரித்துணி ஆக்கலாம், மிச்சம் குப்பைமேட்டுக்குத்தான். நாலு வருஷம் கூடுதலாக உழைத்தால் அது ஒன்றும் சின்ன விஷயமில்லை.